இடிபாட்டின் முதல் நாழிகை: சிங்கப்பூர்ப் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை – சிராங்கூன் சாலை

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் இடத்தருகே 1986 மார்ச் 15 அன்று, முற்பகல் பதினொன்றரை மணியை ஒட்டி, ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் தரைமட்டமாயிற்று. லியன் யாக் கட்டடம் என்பது அதன் பெயர். மேல்மாடிகளில் இயங்கிய தங்கும் விடுதியின் பெயரால் ‘ஹோட்டல் நியூ வோர்ல்டு’ விபத்து என்றே சிங்கப்பூரர்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். 33 பேர் இறந்தார்கள். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். கட்டடத்தில் ஏற்றிவைக்கப்படும் மனிதர்களின், பொருள்களின் பாரத்தைக் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது. அதே இடத்தில் இப்போது வேறொரு விடுதி நிற்கிறது. சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் நடக்கிறார்கள்.

தங்கையின் வீட்டுக்கு வந்திருக்கும் நான் முதலில் பார்க்க விரும்பியது இந்த இடத்தைத்தான். நான் நாகப்பட்டினத்துக்காரி, 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் புகுந்தபோது அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று முதல் என்னை விடாமல் தொடரும் கேள்வி ஒன்று உண்டு. ஆபத்து வரும்போதுதான் மனிதரின் உண்மையான குணம் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குணம் என்பது உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்து அன்றைக்கு வெளியே வருவதா, அல்லது அந்த நாழிகையில் புதிதாக உண்டாவதா? சிங்கப்பூர் அமைதியான, ஒழுங்கான ஊர் என்று பெயர் பெற்றது. ஆனால் இந்தச் சிறிய தீவின் வரலாற்றில் இக்கேள்விக்கான சான்றுகள் நிறைய இருக்கின்றன. ஆகவே இந்தப் பயணத்தில் மிருகக்காட்சிச் சாலையையும் கடைத்தொகுதிகளையும் விட்டுவிட்டு, பேரிடர் நடந்த இடங்களுக்கே போவதென்று முடிவு செய்தேன். தங்கையின் கணவர் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருப்பவர்; வழிகாட்ட அவரே முன்வந்தார்.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச வாய்த்தது. 1986-இல் அவர் பக்கத்துச் சந்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்த இளைஞர். யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவராம். வாடிக்கையாளர் பாக்கிச் சில்லறை தராமல் போனால்கூடக் கேட்கத் துணியாமல் தன் சம்பளத்தில் ஈடுகட்டுவாராம். அன்று புழுதி மேகம் தெருவை மூடியதும் எல்லோரையும் போல அவரும் ஓடினார். “ஓடுனவங்கதாம்மா திரும்பி வந்தோம். ஓடாதவங்கன்னு அன்னிக்கு யாரும் கிடையாது” என்றார். திரும்பி வந்தவரின் கையில் ஒரு போலீஸ்காரர் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்து, இதைத் தாண்டி ஒருவரையும் விடாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரவு வரை அவர் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். உறவினரைத் தேடி அழுதுகொண்டு வந்தவர்களைத் தடுத்தார்; வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கத்தி விரட்டினார்; படம் எடுக்க முண்டியடித்த ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தும்விட்டார். “அந்தக் குரல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது” என்றார். அதன்பிறகு கடையில் யாரும் அவரிடம் சில்லறை பாக்கி வைக்கவில்லையாம்.

இதே இடிபாட்டில் வேறொரு கூட்டமும் உருமாறியது. அப்போது சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஐரிஷ், பிரிட்டிஷ், ஜப்பானியச் சுரங்கத் தொழில் வல்லுநர்கள் செய்தி அறிந்து தாங்களாகவே வந்தார்கள். மேலிருந்து கனரக இயந்திரங்களால் கான்கிரீட்டைத் தூக்கினால் கீழே உயிரோடு கிடப்பவர்கள் நசுங்கிவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். சொன்னதோடு நிற்காமல், எந்த நேரத்திலும் சரியக்கூடிய குவியலுக்கு அடியில் குறுகிய சுரங்கங்களைத் தோண்டி, அவற்றுக்குள் ஊர்ந்து போய், உள்ளே சிக்கியவர்களைத் தேடினார்கள். ஐந்து நாட்கள் மீட்புப் பணி நீடித்தது. அந்த மனிதர்கள் அதற்கு முந்திய வாரம் வரை கூலிக்குத் தோண்டியவர்கள். அந்நிய ஊரில் ஒப்பந்தம் முடிந்ததும் வீடு திரும்ப வேண்டியவர்கள். அவர்களுடைய நெஞ்சில் வீரம் முன்பே குடியிருந்தது என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கோ, மண்ணுக்கு அடியில் வழி உண்டாக்கத் தெரிந்த கைகள் அவர்களிடம் இருந்ததும், அந்தக் கைகளுக்கு அங்கே வேலை இருந்ததும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. துணிவு அந்த வேலையைப் பின்தொடர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை – தஞ்சோங் காத்தோங், பிறகு தேக்கா

2025 ஜூலை 26 மாலையில் தஞ்சோங் காத்தோங் சவுத் சாலையில் திடீரெனப் பள்ளம் விழுந்து, சென்றுகொண்டிருந்த கார் ஒன்று அதற்குள் கவிழ்ந்தது. பக்கத்துத் தளத்தில் வேலை முடிக்கும் தறுவாயில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஏழு பேர் ஓடிவந்து, கயிறு இறக்கி, காரிலிருந்து வெளியே வந்த பெண்மணியை ஒரு சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழர். மனிதவள அமைச்சு அவர்களுக்குப் பாராட்டு நாணயம் வழங்கியது. அதிபர் தர்மன் சண்முகரத்னம் தம் அதிகாரபூர்வ மாளிகையான இஸ்தானாவில் அவர்களைச் சந்தித்தார். பொதுமக்கள் 70,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி சாலையில் கடைவீடு ஒன்றில் தீப்பிடித்து, சிறுவர்கள் மூன்றாம் மாடியில் சிக்கிக்கொண்டபோதும், அருகிலிருந்த கட்டுமான ஊழியர்களே சாரத்தையும் ஏணியையும் கொண்டுவந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைமாற்றி இறக்கினார்கள். அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தாள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். காப்பாற்றியவர்கள் அந்தத் துயரத்தையும் சுமந்துகொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

தஞ்சோங் காத்தோங்கில் இப்போது பார்ப்பதற்கு எதுவும் இல்லை. சாலை செப்பனிடப்பட்டு வாகனங்கள் ஓடுகின்றன. ஆகவே மாலையில் ‘லிட்டில் இந்தியா’ வட்டாரத்தில் உள்ள தேக்காவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாரம் முழுதும் உழைத்த நம் ஊர்ப் பிள்ளைகள் சிராங்கூன் சாலையை ஒட்டிய புல்வெளிகளில் வட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். தங்கை கணவரின் தளத்தில் முன்பு வேலை செய்த, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார். கழிவுநீர்க் குழாய்ப் பணிகளில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அந்த ஏழு பேரும் ஏன் குழிக்குள் குதிக்காமல் கயிறு போட்டார்கள் என்று கேட்டேன். “குழிக்குள்ள எறங்கவே கூடாதுக்கா. ஓரம் சரியும், எறங்குனவனும் போயிடுவான். மொத நாளே அதத்தான் சொல்லித் தருவாங்க. கயிறு எப்பவும் பக்கத்துலயே கெடக்கும்” என்றார். வீரம் என்று நாளிதழ்கள் எழுதியதை அவர் வேலை என்று சொன்னார். அந்தச் சொல்லில் அடக்கம் இருந்தாலும், அது வெறும் அடக்கம் அல்ல என்று எனக்குத் தோன்றியது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில வாரங்கள் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்கள் புன்னகை செய்தார்களாம். ஒரு சீனப் பாட்டி தன் பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தாராம். பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து தளத்துக்குப் போவதும் வருவதும் முன்பு போலவே தொடர்கின்றன. பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்கியவர்கள் மட்டுமே அன்று மாறினார்கள் என்பதல்ல. பார்த்துக்கொண்டிருந்த நகரமும் சிறிது காலத்துக்கு வேறு குணம் கொண்டிருந்தது. அந்த மாற்றம் நிலைக்காமல் போனதற்கு அந்த இளைஞர் யாரையும் குறை சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஒருவருடைய உயிரைக் காத்த கைகளுக்கு நாணயம் கொடுத்தது நல்லது. அந்தக் கைகள் பாதுகாப்பான இருக்கையில் உட்கார்ந்து வேலைக்குப் போவது அதைவிட நல்லது.

இரவு வீடு திரும்பும்போது, நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித் தங்கை கணவரிடம் சொன்னேன். தவணை தவறினால் வாசலில் நின்று பெண்கள் கூசும்படி பேசுவார் அவர். கடல் வந்துபோன காலையில் தெருவில் உடையாமல் மிஞ்சிய ஒரே தள்ளுவண்டி அவருடையது. ஒரு தாய், அவரிடம் கேட்காமலேயே, தன் பிள்ளையின் உடலை அதில் கிடத்தினாள். அவர் கைப்பிடியைப் பற்றித் தள்ளத் தொடங்கினார்; அதன்பின் உடல்கள் தீரும்வரை அந்த வண்டியை விட்டு அகலவில்லை, சோறு தண்ணீர் கேட்கவுமில்லை. வண்டி அலைகளோடு போயிருந்தால் அவர் என்னவாகியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் மறுபடியும் வட்டிக்கு விடத் தொடங்கினார், அதே வட்டிதான். ஆனால் தெருவில் ஒரு சாவு என்றால் யாரும் கூப்பிடாமல் முதலில் வந்து நிற்பவரும் அவரே.

திங்கட்கிழமை – ஃபேரர் பார்க், வாட்டர்லூ தெரு

ஃபேரர் பார்க் திடல் தங்கை வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. அந்த நிலத்தில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டிருப்பதால், இன்னும் சில ஆண்டுகளில் அதன் பழைய தோற்றத்தை அடையாளம் காண்பது கடினமாகிவிடும். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இரண்டு நாட்கள் கழித்து, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் இந்தத் திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். பிறகு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த கேப்டன் மோகன் சிங், இந்திய தேசிய ராணுவத்தில் சேர வருமாறு அழைத்தார். அன்று காலை வரை பிரிட்டிஷ் மன்னரின் சிப்பாய்களாக இருந்தவர்கள் மாலைக்குள் தம் வாழ்வின் அடிப்படை விசுவாசத்தையே மறுபடி தீர்மானிக்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் பேர் கைதூக்கினார்கள். பலர் கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஏராளமானோர் நியூ கினிக்கும் பசிபிக் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டு, பட்டினியாலும் கொடுமையாலும் மடிந்தார்கள். அழைப்பு விடுத்த மோகன் சிங்கையே அவ்வாண்டு டிசம்பரில், தங்கள் விருப்பத்துக்கு வளையவில்லை என்று ஜப்பானியர் கைது செய்தார்கள். சேர்ந்தவர் துரோகி, மறுத்தவர் அடிமை என்றோ, சேர்ந்தவர் தியாகி, மறுத்தவர் கோழை என்றோ ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்கள், ஒரே திடலில் ஒரே வெயிலில் தோளோடு தோள் நின்றவர்களை நினைத்துப் பார்க்காதவர்கள் என்பேன்.

அங்கிருந்து வாட்டர்லூ தெருவுக்குப் போனோம். 1943 அக்டோபரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது இந்தத் தெருவில். தலைமை ஏற்ற லட்சுமி சுவாமிநாதன் சென்னையிலிருந்து 1940-இல் வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். சேர்ந்த பெண்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள். கங்காணியின் காலடி ஓசை கேட்டாலே தலை குனிந்து நிரை பிடித்தவர்கள், முடியைக் குறைத்துக்கொண்டு, காற்சட்டை அணிந்து, துப்பாக்கி பிடித்து அணிவகுத்தார்கள். தோட்டத்தில் அவர்களுடைய பயம் இயல்பு என்றே கருதப்பட்டது, அவர்களாலும் கூட. போர் அந்தத் தோட்டத்தின் ஒழுங்கைக் குலைத்தது; துரைமார் ஓடிப்போனார்கள். அதன்பின் அந்த இயல்பில் எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள்.

போர் முடிந்தபின் அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துக்கே திரும்பினார்கள். பால்மரம் வெட்டும் கத்தியே மறுபடியும் கைக்கு வந்தது. கேப்டன் லட்சுமியின் வாழ்க்கை வேறு வழியில் போயிற்று. கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தபடி 2012 வரை வாழ்ந்தார்; 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு அங்கே போனார். ஒரு பேரழிவில் கற்றதை இன்னொரு பேரழிவுக்குக் கொண்டுபோக அவருக்கு மருத்துவமும் வசதியும் துணை நின்றன. தோட்டத்துப் பெண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. குணம் மாறுவது ஒரு நாளில் நடக்கலாம். மாறிய குணத்தோடு பிழைத்திருக்க இடம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை – புக்கிட் தீமா

பழைய ஃபோர்டு தொழிற்சாலை இப்போது அரும்பொருளகம். பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்து கையெழுத்திட்ட அறை அங்கே பாதுகாக்கப்படுகிறது. அறையைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. என்னை நிறுத்தியது அடுத்தடுத்த காட்சிகளில் இருந்த காகிதங்கள்.

சரணடைந்த சில நாட்களிலேயே ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி வடிகட்டத் தொடங்கியது. ‘சூக் சிங்’ என்று அழைக்கப்படும் அந்தப் படுகொலையில் இறந்தவர்கள் 5,000 பேர் என்றும் 50,000 பேர் என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. முகத்தை மூடிய உளவு சொல்லிகள் வரிசைக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் தலையசைத்தால் ஒருவர் லாரியில் ஏற்றப்படுவார், அசைக்காவிட்டால் ‘பரிசோதிக்கப்பட்டவர்’ என்ற முத்திரையோடு வீடு போவார். அந்த முகமூடிக்குள் இருந்தவர்களில் சிலர் அடுத்த தெருக்காரர்களாகவும் இருந்திருக்கக்கூடும். அதே நாட்களில் மமோரு ஷினோசாகி என்ற ஜப்பானிய அதிகாரி ஆயிரக்கணக்கான பாதுகாப்பு அனுமதிச் சீட்டுகளை வழங்கி மக்களைக் காப்பாற்றினார். அவர் போருக்கு முன் உளவுக் குற்றத்துக்காகப் பிரிட்டிஷாரால் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர். அவரை எப்படி மதிப்பிடுவது என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சீட்டால் பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

காகிதமும் முத்திரையும் ஒருவர் கைக்கு வருவது, தள்ளுவண்டியோ கயிறோ வருவதைப் போன்றதல்ல. வண்டியைப் பிடித்தவர் பக்கத்தில் கிடக்கும் உடலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். காகிதத்தைப் பிடித்தவர் யாரையும் தொடாமலேயே அவர்களுடைய விதியை எழுதலாம். எங்கள் நிவாரண முகாமில் ஊரே மதித்த, அதிர்ந்து பேசாத மனிதர் ஒருவரிடம் பயனாளிகள் பட்டியல் எழுதும் பொறுப்பு வந்தது. முதல் நாள் இரவு கண்விழித்து நேர்மையாக எழுதினார். நான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன். ஒரு வாரத்துக்குள் கணவரை இழந்த பெண்களை வரிசையில் நிற்கவைத்து அதட்டினார். தம் உறவினரின் பெயர்களை மேலே ஏற்றினார். அவர் அதற்கு முன்பும் பொல்லாதவராக இருந்து மறைத்தார் என்று நான் நம்பவில்லை. யாரும் எதிர்த்துக் கேட்க முடியாத ஒரு காகிதம், இரவும் பகலும் கெஞ்சும் குரல்கள், தன் வீடும் போன துயரம்: இவை சேர்ந்து அவரை ஆக்கின. அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலை ஒருவர் கையில் மட்டும் கொடுத்தவர்களும் அதற்குப் பொறுப்பு என்கிறேன்.

புதன்கிழமை – ஆர்ச்சர்ட் சாலை. வீட்டில் அத்தையின் பேச்சு

ஆர்ச்சர்ட் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ, போர்க் காலத்தில் ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாயின் வதைக் கூடமாக இருந்தது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு அதே இடத்தில் புதியது எழுந்திருக்கிறது. எலிசபெத் சோய் என்ற பள்ளி ஆசிரியை இங்கேதான் 1943 நவம்பர் முதல் ஏறத்தாழ 200 நாட்கள் அடைக்கப்பட்டிருந்தார். மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையை நடத்திக்கொண்டே கைதிகளுக்கு உணவும் பணமும் செய்தியும் கடத்தியது அவர் மீதான குற்றம். அடித்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். அவர் தம்மோடு தொடர்புடையவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின், தம்மை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க மறுத்தார். போர் இல்லாதிருந்தால் அவர்களும் வீட்டில் குடும்பத்தோடு இருக்கும் சாதாரண மனிதர்களே என்பது அவருடைய எண்ணம். வதைபட்ட ஒருவர் சொல்வதால் அதற்கு எடை உண்டு. பக்கத்திலிருந்து பார்த்த நம்மில் யாரும் அதை அவருக்காகச் சொல்லிவிட முடியாது. அவர் மறுபடியும் ஆசிரியையானார். பின்னர் பார்வையற்றோர் பள்ளிக்கு முதல்வராக இருந்தார்.

மாலையில் இதையெல்லாம் தங்கையின் மாமியாரிடம் சொன்னேன். எண்பத்தைந்தைக் கடந்த அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்தவர். அவருடைய அப்பாவைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் போக எஞ்சியவர்களே திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. “அதுக்கு முன்னாடி எங்கம்மா ஆம்பளைங்க முன்னால வாயே தெறக்க மாட்டாங்களாம்” என்று தொடங்கினார் அத்தை. கணவர் போனபின் அந்த அம்மா மரவள்ளிக்கிழங்கு பயிரிட்டு, கள்ளச் சந்தையில் அரிசிக்கு மாற்றி, ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டை வாங்க மறுத்து, மூன்று பிள்ளைகளையும் சாகாமல் காப்பாற்றினார். தோட்டமே அவரைக் கண்டு பயந்தது. “நாங்களும் பயந்தோம்” என்றார் அத்தை. ஜப்பான்காரன் காலம் முடிந்த பிறகும் அந்த அம்மா மென்மைக்குத் திரும்பவில்லை. ஒரு பருக்கை கீழே சிந்தினால் அடி விழும். சிரித்துப் பேசி அத்தை பார்த்ததேயில்லை. சயாமிலிருந்து உயிரோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாகும்வரை தலையணைக்குள் அரிசி ஒளித்து வைத்திருந்தாராம்.

பேரிடர் மனிதரை உயர்த்துகிறது என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த வீடுகளின் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அந்த அம்மாவின் துணிவும் கொடுமையும் ஒரே நாளில், ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அத்தையும் புகழவில்லை, பழிக்கவும் இல்லை; “இருந்தாங்க, அதனாலதான் நான் இருக்கேன்” என்றார்.

வியாழக்கிழமை – சாங்கி

சாங்கி தேவாலய அரும்பொருளகத்தில் ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதி தீட்டிய சுவரோவியங்களின் நகல்கள் உள்ளன. மூல ஓவியங்கள் ராபர்ட்ஸ் முகாமின் 151-ஆம் கட்டடத்தில் இருக்கின்றன. 1942-இல் வயிற்றுக்கடுப்பால் எழுந்து நிற்கவும் முடியாதிருந்த அவர், சிறு சிறு பொழுதாக அவற்றை வரைந்தார். ராணுவத்தின் பழுப்பு வண்ணப் பூச்சும், பில்லியர்ட்ஸ் கோலுக்குப் பூசும் நீலச் சுண்ணக்கட்டியும் பிற கைதிகள் தேடிக் கொண்டுவந்து தந்தவை. போருக்கு முன்பே அவர் ஓவியத் தொழில் தெரிந்தவர். பல ஆண்டுகளுக்குப் பின் ஓவியங்கள் வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டு, அவரைத் தேடி அழைத்தபோது, அந்த நினைவுகளுக்குத் திரும்ப முதலில் தயங்கினார். பிறகு 1963-இலும், அதன்பின் இருமுறையும் வந்து சீர்செய்துவிட்டுப் போனார். பகைவரை மன்னிக்கும்படி வேண்டும் காட்சியை, அந்தப் பகைவரின் காவலில் இருந்துகொண்டு அவர் வரைந்திருக்கிறார்.

திரும்பும் வழியில் தங்கை கணவர், ஹோட்டல் நியூ வோர்ல்டு விபத்துக்குப் பின் என்ன நடந்தது என்று விளக்கினார். கட்டட வடிவமைப்பை இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று 1989-இல் சட்டம் வந்தது. இடிபாடுகளில் தேடி மீட்பதற்கென்றே குடிமைத் தற்காப்புப் படையில் 1990-இல் தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. 1986-இல் தற்செயலாகப் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அடுத்த முறை தற்செயலை நம்பியிருக்கக் கூடாது என்று ஒரு நாடு தீர்மானித்ததாக இதை நான் புரிந்துகொள்கிறேன். அவருடைய தளத்திலும் மாதந்தோறும் ஒத்திகை நடக்கிறது; ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, பெயர் சொல்லி ஒதுக்கப்படுகிறது. பெயர் சொல்லாமல் ‘யாராவது’ என்றால் யாரும் அசைய மாட்டார்கள், பெயர் சொன்னால் பயந்தவரும் ஓடி வருவார் என்றார்.

இன்றிரவு எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன். கடலோரப் பள்ளியான எங்களுக்கு ஒத்திகை நாள் ஒன்று வேண்டும். மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடிக்கப்போகும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் யார் யார், தலைகளை எண்ணுவது யார் என்று பெயர் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வகுப்பில் எப்போதும் கூச்சப்பட்டு ஒதுங்கும் பிள்ளைகளுக்கு முதலில் பொறுப்பு கொடுக்க வேண்டும். உதவிப் பட்டியல் எழுத நேர்ந்தால் அதை எப்போதும் இருவர் சேர்ந்து, எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும்.